வெயில் சிதைத்த தோலில் செதில் திட்டுகள்: மருந்து தடவி ஒளி பாய்ச்சும் சிகிச்சையா, வீட்டில் தடவும் களிம்பா?

கோடைநிழல்:

அனைவருக்கும் வணக்கம். என் மாமனாருக்காக இதைக் கேட்கிறேன். எழுபது வயதைக் கடந்தவர், வெளிறிய தோலுடையவர், வேலைக்காலம் முழுவதையும் திறந்தவெளியில், பெரும்பாலும் தொப்பியில்லாமல் கழித்தவர். தலையில் முடி கொட்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. உச்சந்தலையிலும் நெற்றியிலும் அண்மைக்காலமாகச் சில திட்டுகள் தோன்றியிருக்கின்றன. கண்ணால் பார்த்தால் இலேசான சிவப்பு மட்டுமே தெரிகிறது. விரலால் தடவினால்தான் உப்புத்தாளைத் தொட்டதுபோலச் சொரசொரப்பு உறைக்கிறது. செதிலைப் பிய்த்தெடுத்தாலும் சில நாட்களில் அதே இடத்தில் மீண்டும் படிகிறது.

தோல் மருத்துவர் இதை ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்றார். இது புற்றுநோய் அன்று, ஆனால் கவனிக்காமல் விடவும் கூடாது என்று சொல்லி இரண்டு வழிகளை முன்வைத்தார். ஒன்று, ஃபுளோரோயுராசில் களிம்பை நான்கு வாரங்கள் வீட்டிலேயே தடவுவது. மற்றொன்று, மருத்துவமனையில் ஒரு மருந்தைத் தடவி, சில மணிநேரம் காத்திருந்து, விளக்கொளியைப் பாய்ச்சும் போட்டோடைனமிக் சிகிச்சை. யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

"வெயிலால் வந்த கேட்டை வெளிச்சத்தைக் கொண்டே எப்படிப் போக்குவார்கள்?" என்று மாமனார் கேட்கிறார். எனக்கு விடை தெரியவில்லை. இது புற்றுநோய்க்குத் தரும் கதிரியக்கச் சிகிச்சையைப் போன்றதா? மருந்தைத் தடவியதும் ஏன் இத்தனை நேரம் காத்திருக்க வேண்டும்? வலி எவ்வளவு இருக்கும்? இரண்டில் எது மேல்? அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர்:

உங்கள் மாமனாரின் கேள்வி மிக நல்ல கேள்வி, அம்மா. அதற்கு விடை சொன்னாலே சிகிச்சையின் அடிப்படை முழுவதும் விளங்கிவிடும்.

தோலைக் கெடுத்தது வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள். அவற்றிலும் குறிப்பாக, 315 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் கொண்ட பி வகைக் கதிர்கள் மேல்தோல் செல்களின் மரபணுவை நேரடியாகத் தாக்குகின்றன. கெட்டுப்போன செல் பெருகாமல் தடுத்து நிறுத்தும் காவல் மரபணுவான பி53 அவ்வாறு பழுதடைந்துவிட்டால், அந்தச் செல்லும் அதன் வழித்தோன்றல்களும் கட்டுப்பாடு தளர்ந்து பெருகத் தொடங்குகின்றன. நீங்கள் விரலால் உணரும் சொரசொரப்பு அதன் விளைவே. சிகிச்சை விளக்கு புற ஊதாக் கதிர்களைப் பயன்படுத்துவதில்லை. அது தருவது கண்ணுக்குப் புலனாகும் நீல ஒளி அல்லது சிவப்பு ஒளி. அந்த ஒளி மட்டும் தோலில் விழுந்தால் எந்தக் கேடும் இல்லை; மருந்தை மட்டும் தடவி இருட்டறையில் அமர்ந்திருந்தால் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தடவப்படும் பொருள் உண்மையில் மருந்தின் மூலப்பொருள்தான். மருந்தைத் தயாரிப்பது நோயுற்ற செல்லே. அமினோலெவுலினிக் அமிலம் என்ற அந்தப் பொருளை நம் உடல் எப்போதும் சிறிதளவு உருவாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற கூட்டுப்பொருளை உண்டாக்கும் தொடர் வினைகளின் முதற்படி அது. ஹீம் போதுமான அளவு சேர்ந்ததும் செல் அந்த முதற்படியை நிறுத்திக்கொள்ளும். அமிலத்தை வெளியிலிருந்து தடவும்போது அந்தக் கட்டுப்பாட்டைக் கடந்துவிடுகிறோம். வினைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கடைசிப் படியில் இரும்பைச் சேர்க்கும் நொதியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. எனவே அதற்கு முந்தைய படியில் உருவாகும் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருள் செல்லுக்குள் குவிகிறது. சேதமுற்ற செல்களில் இந்தக் குவிப்பு சுற்றியுள்ள நல்ல செல்களில் இருப்பதைவிட அதிகம். அவற்றின் மேலடுக்கு சீர்குலைந்திருப்பதால் அமிலம் உட்புகுவதும் எளிதாகிறது.

இந்தப் பார்ஃபிரின்தான் ஒளியை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. அப்படிக் கிளர்ச்சியுற்ற ஆக்சிஜனின் ஆயுள் நொடியின் மிகச் சிறிய பின்னமே. பிறந்த இடத்தைவிட்டு அது நெடுந்தொலைவு செல்வதில்லை. ஆனால் அதற்குள் செல்லின் சவ்வுகளையும் மைட்டோகாண்ட்ரியாவையும் சிதைத்துவிடுகிறது. செல் இறக்கிறது, உடலின் எதிர்ப்பாற்றல் எஞ்சியதைத் துப்புரவு செய்கிறது. ஆகவே இது கதிரியக்கச் சிகிச்சை அன்று. எலும்பையோ உள்ளுறுப்பையோ இந்த ஒளி சென்றடைவதில்லை. நீல ஒளி ஓரிரு மில்லிமீட்டர் ஆழம்வரைகூடச் செல்வது அரிது. சிவப்பு ஒளி அதைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும்.

கோடைநிழல்:

மிக்க நன்றி, ஐயா. மாமனாருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். காத்திருக்கும் நேரம் மட்டும் இன்னும் குழப்பமாக இருக்கிறது. எங்கள் மருத்துவர் மூன்று மணிநேரம் என்றார். வேறோர் இடத்தில் பதினான்கு மணிநேரம் என்று படித்தேன். இவ்வளவு வேறுபாடு எப்படி வரும்?

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர்:

இரண்டுமே சரிதான், அவை இரு வேறு மருந்துகளுக்கு உரியவை. அமெரிக்காவில் 1999 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது 20 விழுக்காட்டு அமினோலெவுலினிக் அமிலக் கரைசல். அதன் குறிப்பேட்டில் 14 முதல் 18 மணிநேரம் கழித்து நீல ஒளி பாய்ச்ச வேண்டும் என்று இருக்கிறது. அதாவது முதல் நாள் தடவிக்கொண்டு மறுநாள் வர வேண்டும். நடைமுறையில் பல மருத்துவர்கள் இந்த நேரத்தை மிகவும் சுருக்கிவிட்டார்கள். ஐரோப்பாவில் பரவலானது மெத்தில் அமினோலெவுலினேட் களிம்பு. அதைத் தடவி, ஒளி புகாதபடி மூடி, மூன்று மணிநேரம் கழித்து ஏறத்தாழ 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியைச் சில நிமிடங்கள் பாய்ச்சுவார்கள். அமினோலெவுலினிக் அமிலத்தையே மிக நுண்ணிய கொழுப்புத் துகள்களில் ஏற்றிய ஜெல் ஒன்றும் 2011-இல் ஐரோப்பிய ஒப்புதலைப் பெற்றது. அதற்கும் மூன்று மணிநேரமே.

பார்ஃபிரின் மிக வலுவாக உறிஞ்சுவது 405 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை. சிவப்புப் பகுதியில் அது உறிஞ்சுவது குறைவு, ஆனால் சிவப்பு ஒளி ஆழமாக இறங்குகிறது. மெல்லிய திட்டுக்கு எதுவும் போதும். மேல்தோலோடு நின்றுவிடும் தொடக்கநிலைப் புற்றுநோயான போவன் நோய், மேலோட்டமான பேசல் செல் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் இச்சிகிச்சை பயன்படுவதுண்டு. அங்கே சிவப்பு ஒளியே ஏற்றது.

ஒளியறைச் செவிலி:

இச்சிகிச்சை நடக்கும் அறையில் நெடுங்காலம் பணிபுரிந்தவள் என்ற முறையில், அந்த நாள் எப்படிப் போகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலை சுரண்டுவது. சிறு வளையக் கத்தியால் செதில்களையும் பொருக்குகளையும் மெல்ல அகற்றுவோம். இரத்தம் ஒழுகும் அளவுக்கு ஆழமாகப் போகக் கூடாது, ஓரிரு புள்ளிகளில் கசிவது இயல்பு. இதைச் சடங்காகச் செய்து முடிக்கும் இடங்களும் உண்டு. செதில் மேலே இருக்கும்வரை மருந்தும் உள்ளே போகாது, ஒளியும் போகாது. ஆகவே சுரண்டுவதில் செலவிடும் அந்தப் பத்து நிமிடங்களே சிகிச்சையின் பாதிப் பலனைத் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து. பிறகு களிம்பை ஒரு மில்லிமீட்டர் தடிமனில், திட்டின் விளிம்பைத் தாண்டியும் சற்றுப் பரப்பி, மூடிக் கட்டிவிடுவோம். காத்திருக்கும் நேரத்தில் வெயிலிலோ குளிரிலோ அலையாமல் இருப்பது நல்லது. தோல் குளிர்ந்திருந்தால் பார்ஃபிரின் உருவாகும் வேகம் குறையும்.

நேரமானதும் களிம்பைத் துடைத்துவிட்டு, விளக்குகளை அணைத்து, வூட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கின் ஒளியில் தலையைப் பார்ப்போம். ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பாகத் திட்டுகள் ஒளிரும். வெளிச்சத்தில் ஐந்து திட்டுகளை எண்ணியவரின் நெற்றியில், இருட்டில் அவற்றுக்கு இடையிலும் சிறு புள்ளிகள் ஒளிர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கண்ணுக்கும் விரலுக்கும் இன்னும் எட்டாத சேதம் அவை. சிகிச்சை முடிந்ததும் மறுபடி அதே விளக்கில் பார்த்தால் ஒளிர்வு பெரும்பாலும் மறைந்திருக்கும். பார்ஃபிரின் செலவாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

வலியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விளக்கு எரியத் தொடங்கிய ஓரிரு நிமிடங்களில் எரிச்சலும் சுருக்கென்ற குத்தலும் ஏறும். முதல் பாதியில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்லத் தணியும். நெற்றியும் உச்சந்தலையும் கூடுதலாக வலிக்கும் இடங்கள். திட்டுகள் எவ்வளவு பரந்திருக்கின்றனவோ, எவ்வளவு சிவந்திருக்கின்றனவோ, அவ்வளவு வலியும் கூடும். குளிர்காற்றை வீசும் கருவி நன்றாக உதவுகிறது. தண்ணீர் தெளிப்போம், தாங்க முடியாவிட்டால் விளக்கை ஓரிரு நிமிடம் நிறுத்தி மீண்டும் தொடர்வோம். மேலே தடவும் மரப்பு மருந்துகள் இந்த வலிக்கு ஏறத்தாழப் பயனற்றவை. உச்சந்தலை முழுவதற்கும் செய்ய வேண்டியிருந்தால் நரம்பு மரப்பு ஊசியைப் போடுமாறு மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அது வலியைப் பெருமளவு குறைக்கும். சிகிச்சையின்போது நோயாளியும் அறையில் இருப்பவர்களும் காப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

எதிர்வழக்கு:

விளக்கங்கள் சிறப்பாக இருக்கின்றன. ஆனால் கேட்டவரின் கடைசிக் கேள்வியை, அதாவது இரண்டில் எது மேல் என்பதை, எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிறார்களே தவிர நேரே தொடவில்லை.

நெதர்லாந்தில் 624 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2019-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு இதற்கு நேரடியாக விடை தருகிறது. தலைப்பகுதியில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட திட்டுகள் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஓராண்டு கழித்து, திட்டுகளின் எண்ணிக்கை முக்கால் பங்கோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் வெற்றி என்று கணக்கிட்டார்கள். ஃபுளோரோயுராசில் களிம்புக் குழுவில் 74.7 விழுக்காட்டினருக்கு வெற்றி. இமிக்விமோடு என்ற மற்றொரு களிம்பின் குழுவில் 53.9, மெத்தில் அமினோலெவுலினேட் தடவி ஒளி பாய்ச்சிய குழுவில் 37.7, இன்ஜெனால் ஜெல் குழுவில் 28.9. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் முப்பத்தெட்டுக்கும் உள்ள இடைவெளி சாதாரணமானது அன்று. விளக்கும் அறையும் செவிலியரும் தேவைப்படும் ஒரு சிகிச்சை, ஒரு குழாய்க் களிம்பிடம் இப்படித் தோற்றிருக்கும்போது, அதை முதல் தேர்வாக ஏன் முன்வைக்க வேண்டும்?

இன்ஜெனாலைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு: தோல் புற்றுநோய் அபாயம் குறித்த கவலையால் 2020-இல் ஐரோப்பாவில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. யாராவது பழைய குறிப்பைப் படித்துவிட்டு அதைத் தேட வேண்டாம்.

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர்:

அந்த எண்களை நான் மறுக்கவில்லை. என் மாணவர்களுக்கும் அவற்றைக் காட்டியிருக்கிறேன். தலையில் பல திட்டுகள் உள்ள, சொன்னபடி களிம்பைத் தடவக்கூடிய ஒருவர் கேட்டால், நானும் ஃபுளோரோயுராசிலையே முதலில் சொல்வேன்.

ஆனால் "சொன்னபடி தடவக்கூடிய" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் களிம்பை நாளுக்கு இருமுறை, நான்கு வாரங்கள் தடவினார்கள். முதல் வாரத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. இரண்டாம் வாரத்தில் சிவப்பு ஏறும். மூன்றாம் வாரத்தில் தோல் புண்ணாகிக் கசிந்து பொருக்குத் தட்டும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்றாலும், கண்ணாடியைப் பார்க்கும் நோயாளிக்கு நோய் முற்றிவிட்டதாகவே தோன்றும். மிகச் சரியாக அந்தக் கட்டத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வில் கண்காணிப்பு இருக்கிறது; வீட்டில் இருப்பதில்லை. ஞாபகம் மங்கியவர், கை நடுங்குபவர், தனியாக வசிப்பவர் ஆகியோருக்கு ஒரே நாளில் மருத்துவமனையில் முடிந்துவிடும் சிகிச்சை தரும் உறுதி பெரிது. மருந்து எங்கே, எவ்வளவு பட்டது என்பது நம் கையில் இருக்கிறது.

எதிர்வழக்கு:

பொதுவாக ஏற்கிறேன், ஐயா. ஆனாலும் அதே ஆய்வில், புண்ணையும் சிவப்பையும் தாங்கி முடித்தபின் ஓராண்டு கழித்துக் கேட்டபோது, சிகிச்சை குறித்த மனநிறைவு மிகுதியாக இருந்ததும் ஃபுளோரோயுராசில் குழுவில்தான். நோயாளிகளின் பொறுமையை மருத்துவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாம் வாரத்தில் முகம் எப்படி இருக்கும் என்பதை முதல் நாளே படத்தோடு காட்டிவிட்டால், பாதியில் நிறுத்துபவர்கள் குறைவார்கள்.

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர்:

அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

மருந்தாளுநர்:

இரு வழிகளிலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டியவை சில இருக்கின்றன.

ஒளிச் சிகிச்சையை எடுத்துக்கொண்டால், போர்ஃபிரியா என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது. அவர்கள் உடலில் பார்ஃபிரின் ஏற்கெனவே மிகுந்திருக்கும். மெத்தில் அமினோலெவுலினேட் களிம்பில் நிலக்கடலை எண்ணெயும், நான் மேலே படித்த ஜெல்லில் சோயாவிலிருந்து எடுத்த கொழுப்புப் பொருளும் சேர்க்கப்படுவதால், அவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் சொல்லிவிட வேண்டும். டாக்சிசைக்ளின், தயசைடு வகைச் சிறுநீர்ப் பெருக்கிகள், கிரிசியோஃபுல்வின் போன்ற மருந்துகள் தோலின் ஒளி உணர்வைக் கூட்டக்கூடியவை.

ஃபுளோரோயுராசிலுக்கும் எச்சரிக்கைகள் உண்டு. அதைச் சிதைக்கும் டிபிடி நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குக் களிம்பாகக்கூட அது ஆகாது. தடவிய கையை நன்றாகக் கழுவ வேண்டும். கண்ணிலும் வாயிலும் படக் கூடாது. வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் களிம்புக் குழாயை எட்டாத இடத்தில் வையுங்கள். தடவிய இடத்தை நக்கவும் விடாதீர்கள். மிகச் சிறிய அளவே அவற்றைக் கொல்லும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கெனத் தனியே எச்சரிக்கை விடுத்திருக்கிறது.

கோடைநிழல்:

மாமனார் இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் மாத்திரையின் உறையைப் பார்த்தேன். அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது. சிகிச்சைக்கு முன்பு அதை நிறுத்திவிடலாமா?

மருந்தாளுநர்:

நீங்களாக நிறுத்தவே கூடாது, அம்மா. ஆனால் இந்தச் செய்தியைத் தோல் மருத்துவரிடமும், மாத்திரையை எழுதித் தந்த மருத்துவரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். காரணம் இந்த ஒரு நாள் சிகிச்சை மட்டும் அன்று. ஹைட்ரோகுளோரோதயசைடை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு மெலனோமா (நிறமிச் செல் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோய்கள், குறிப்பாகச் செதிட்செல் புற்றுநோய், கூடுதலாக வருவதை டென்மார்க்கில் நடந்த ஆய்வுகள் காட்டின. அதையொட்டி 2018-இல் ஐரோப்பிய மருந்து முகமை எச்சரிக்கையைச் சேர்த்தது. ஏற்கெனவே ஆக்டினிக் கெரட்டோசிஸ் உள்ள ஒருவருக்கு இரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரை பொருந்துமா என்று மருத்துவர் யோசிப்பது நியாயமானது.

பகலொளிப் பயனர்:

இதுவரை யாரும் தொடாத ஒரு வழியைச் சேர்க்க விரும்புகிறேன்: விளக்கே இல்லாத ஒளிச் சிகிச்சை. எனக்கு நெற்றியிலும் கன்னங்களிலும் இருந்த மெல்லிய திட்டுகளுக்கு அப்படித்தான் செய்தார்கள். முதலில் சூரியத்திரைக் களிம்பைத் தடவி, அது ஊறியதும் செதில்களைச் சுரண்டி, மெத்தில் அமினோலெவுலினேட்டை மெல்லிய படலமாகத் தடவினார்கள். கட்டுப் போடவில்லை. அரைமணி நேரத்துக்குள் வெளியே போய், இரண்டு மணிநேரம் பகல் வெளிச்சத்தில் இருந்துவிட்டு வந்து முகத்தைக் கழுவினேன். இலேசான குறுகுறுப்பைத் தவிர வலி என்று சொல்ல எதுவும் இல்லை. அடுத்த நாள் முகம் நன்றாகச் சிவந்து, பிறகு ஒரு வார அளவில் தோல் உரிந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு கலந்த சூரியத்திரையைத் தடவினால் அது கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் தடுத்து, சிகிச்சையையே வீணாக்கிவிடும். புற ஊதாவை மட்டும் தடுக்கும் வேதிவகைச் சூரியத்திரையையே பயன்படுத்த வேண்டும் என்று எனக்கு எழுதியே கொடுத்தார்கள்.

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர்:

நல்ல நேரத்தில் நினைவூட்டினீர்கள். இம்முறையை வளர்த்தெடுத்ததில் டென்மார்க் மருத்துவர்களின் பங்கு பெரிது. வலி குறைவதற்குக் காரணம் எளிமையானது. விளக்கு முறையில் மூன்று மணிநேரம் குவிந்த பார்ஃபிரின் முழுவதும் சில நிமிடங்களில் ஒருசேரத் தூண்டப்படுகிறது. பகலொளி முறையில் அது உருவாக உருவாகச் சிறிது சிறிதாகச் செலவாகிறது. ஒரே நோயாளியின் முகத்தின் ஒரு பக்கத்துக்கு விளக்கையும் மறுபக்கத்துக்குப் பகலொளியையும் பயன்படுத்தி ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒப்பிட்டிருக்கிறார்கள். மெல்லிய திட்டுகளில் பலன் ஏறத்தாழச் சமம். வலியில் வேறுபாடு மிகப் பெரிது. தடித்த திட்டுகளுக்கு இம்முறை போதாது. மழை பெய்தாலோ, வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனாலோ தள்ளிவைக்க வேண்டும். மேகமூட்டம் ஒரு தடையன்று.

பழங்கதை விரும்பி:

தலைப்பைவிட்டு அரை அடி விலகுவதை மன்னிக்கவும். இந்தச் சிகிச்சையின் தொடக்கம் ஒற்றைச் செல் உயிரிகளில் இருக்கிறது. மியூனிக் நகரில் ஹெர்மன் ஃபோன் டாப்பைனரிடம் பயின்ற ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாரமீசியங்கள் இறக்க ஆகும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதைக் கண்டார். சாயத்தின் அளவு ஒன்றே, மாறியது வெளிச்சம்தான் என்று 1900-இல் எழுதினார். மூன்றாண்டுகளுக்குப் பிறகு டாப்பைனரும் யெசியோனெக்கும் ஈயோசின் சாயத்தைத் தடவித் தோல் கட்டிகளுக்கு ஒளி பாய்ச்சிப் பார்த்தார்கள். 1912-இல் ஃபிரீட்ரிக் மையர்-பெட்ஸ் தம் உடலிலேயே 200 மில்லிகிராம் ஹீமட்டோபார்ஃபிரினை ஊசி வழியே ஏற்றிக்கொண்டு வெயிலில் நின்றார். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியது, ஒளி உணர்வு மாதக்கணக்கில் நீடித்தது. தோலில் தடவி, அந்த இடத்தில் மட்டும் பார்ஃபிரினை உருவாக்கும் வழியைக் கனடாவின் கென்னடியும் பாட்டியரும் 1990-இல் வெளியிட்ட பிறகுதான் இது அன்றாட மருத்துவத்துக்கு வந்தது. உடல் முழுவதையும் மாதக்கணக்கில் இருட்டில் வைத்திருக்க வேண்டிய தொல்லை அதோடு தீர்ந்தது.

கருநிறத்தோன்:

எனக்கு ஓர் ஐயம். கருமையான தோலுடையவர்களுக்கும் இந்த நோய் வருமா? வந்தால் இதே சிகிச்சைதானா?

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர்:

மெலனின் மிகுந்த தோலில் ஆக்டினிக் கெரட்டோசிஸ் அரிது. ஆனால் நிறமி இல்லாத அல்பினிசம் உள்ளவர்களுக்கு, அவர்கள் எந்த இனத்தைச் சேர்ந்தவர்களானாலும், இளம் வயதிலேயே வரும். உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை எடுப்பவர்களுக்கும் அபாயம் பல மடங்கு கூடுகிறது. அவர்களிடம் திட்டுகள் விரைவாகப் பெருகும், சிகிச்சையின் பலனும் குறைவு, ஆகவே திரும்பத் திரும்பச் செய்ய நேரும். கருமையான தோலில் ஒளிச் சிகிச்சைக்குப் பிறகு அந்த இடம் சில மாதங்கள் மேலும் கறுத்துத் தெரியலாம். திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதில் நேர்மாறான தொல்லை: நிறமிச் செல்கள் குளிரைத் தாங்காதவை என்பதால் வெளிறிய தழும்பு நிலைத்துவிடக்கூடும். ஒன்றிரண்டு திட்டுகள் மட்டும் உள்ள வெளிறிய தோலுக்கு அந்த முறை இன்றும் விரைவானது, எளிமையானது.

ஒளியறைச் செவிலி:

சிகிச்சைக்குப் பிந்தைய இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. தடவிய இடத்தில் எஞ்சியிருக்கும் பார்ஃபிரின் 48 மணிநேரம்வரை ஒளிக்கு வினைபுரியலாம். அந்த நேரத்தில் சூரியத்திரைக் களிம்பை நம்பி வெளியே போகாதீர்கள். அது புற ஊதாவைத் தடுக்குமே தவிர, இங்கே தொல்லை தரும் புலனாகும் ஒளியைப் போதிய அளவு தடுக்காது. அடர்த்தியான துணியும் அகன்ற விளிம்புத் தொப்பியும்தான் காக்கும். சன்னலை ஒட்டி அமர்வதையும், முகத்துக்கு மிக அருகில் பிரகாசமான விளக்கை வைத்துப் படிப்பதையும் தவிர்க்க வேண்டும். அதற்காக முழு இருட்டில் முடங்கவும் வேண்டாம். வீட்டின் வழக்கமான வெளிச்சம் எஞ்சிய பார்ஃபிரினை மெல்லச் செலவழிக்க உதவுகிறது. சிவப்பும் வீக்கமும் முதல் சில நாட்கள் கூடுதலாக இருக்கும். நெற்றியில் செய்தால் வீக்கம் கண்ணிமைவரை இறங்குவதைக் கண்டு பலர் பதறுவார்கள், அது தானே வடியும். பொருக்கு உதிர ஒன்றிலிருந்து இரண்டு வாரங்கள் ஆகலாம். சீழ், காய்ச்சல், நாளாக நாளாகக் கூடும் வலி ஆகியவை இருந்தால் மட்டும் உடனே திரும்பி வாருங்கள்.

எதிர்வழக்கு:

கேட்டவருக்கு ஒன்று: இவ்வளவையும் பேசுவதற்கு முன்பு, எல்லாத் திட்டுகளும் ஆக்டினிக் கெரட்டோசிஸ்தானா என்று மருத்துவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாரா?

கோடைநிழல்:

ஆம், உருப்பெருக்கிக் கருவியை வைத்து ஒவ்வொன்றையும் பார்த்தார். காதுக்கு மேலே உள்ள ஒரு திட்டை மட்டும் இரண்டு விரல்களால் அழுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த முறை அதைத் தனியே கவனிப்போம் என்றார். அது மற்றவற்றைவிடச் சற்றுத் தடிப்பாக இருக்கிறது. தொட்டால் வலிக்கிறது என்கிறார் மாமனார்.

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர்:

அம்மா, இதுவரை பேசிய எல்லாவற்றையும்விட இந்தச் செய்தி முக்கியமானது. ஒரு தனித் திட்டு ஓராண்டில் ஊடுருவும் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு பொதுவாக மிகக் குறைவு. ஆய்வுக்கு ஆய்வு எண்கள் வேறுபட்டாலும் பெரும்பாலானவற்றில் நூற்றில் ஒன்றுக்கும் கீழேதான். சில தாமாகவே மறைவதும் உண்டு. ஆனால் அடிப்பகுதி தடித்துக் கெட்டியான, அழுத்தினால் வலிக்கிற, இரத்தம் கசிகிற, வாரக்கணக்கில் வளர்கிற திட்டை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்குத் திசுப் பரிசோதனை தேவை. ஒளிச் சிகிச்சையோ களிம்போ மேற்புறத்தைச் சீராக்கிவிட்டு, அடியில் ஊடுருவிய செதிட்செல் புற்றுநோயை மறைத்துவிடும் அபாயம் இருக்கிறது. காதும் உதடும் கூடுதல் எச்சரிக்கை வேண்டிய இடங்கள். அடுத்த முறைவரை காத்திருக்காமல் முன்னதாகவே நேரம் கேட்டு, அந்த ஒரு திட்டைக் காட்டிப் பயாப்சி வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள்.

கோடைநிழல்:

நாளைக் காலையே தொலைபேசியில் நேரம் கேட்கிறேன், ஐயா. மற்ற திட்டுகளைப் பொறுத்தவரை, தினமும் இருமுறை களிம்பைத் தடவிவிட வீட்டில் நான் இருக்கிறேன் என்பதால், மாமனார் ஃபுளோரோயுராசில் பக்கமே சாய்கிறார். மூன்றாம் வாரத்துப் படத்தைத் தேடி எடுத்து அவருக்குக் காட்டியும் விட்டேன். "இதைவிட மோசமாக வெயிலில் வெந்திருக்கிறேன்" என்றார். எதைச் செய்தாலும் திட்டுகள் திரும்ப வருமா?

ஓய்வுபெற்ற தோல்மருத்துவர்:

புதியவை வரக்கூடும். செவிலியம்மா இருட்டில் கண்ட அந்தச் சிறு புள்ளிகளை நினைத்துப் பாருங்கள். வெயில் பட்ட பரப்பு முழுவதும் பழுதடைந்திருக்கிறது, நாம் அகற்றுவது அதில் தலைதூக்கியவற்றை. களிம்பானாலும் ஒளியானாலும், சிகிச்சை முடிந்து ஏறத்தாழ மூன்று மாதங்களில் ஒருமுறை பார்த்து, எஞ்சியவற்றுக்கு மீண்டும் செய்வதா என்று முடிவெடுப்பார்கள். களிம்புக்குப் பிறகு எஞ்சிய ஒன்றிரண்டுக்கு ஒளிச் சிகிச்சையைச் செய்யத் தடையேதும் இல்லை. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ தலை, காது, உதடு, புறங்கை ஆகியவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொப்பியும் சூரியத்திரையும் இந்த வயதிலும் பயன் தருபவையே. நாற்பதும் அதற்கு மேலும் வயதான ஆஸ்திரேலியர்களிடம் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், சூரியத்திரையை ஒரு கோடைக்காலம் முறையாகத் தடவியவர்களுக்குப் புதிய திட்டுகள் குறைந்ததோடு, இருந்தவற்றிலும் கூடுதலானவை மறைந்தன. காதுத் திட்டின் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். அதற்கு முன்பு அந்த இடத்தில் மட்டும் களிம்பைத் தடவ வேண்டாம்.